யந்திரத்தின் மூச்சு

(திருகோணமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



பிரித்தானிய உல்லாச ஸ்போட்ஸ் கார்களையும் அவற்றின் யந்திரங்களையும் பற்றிப் பேசவேண்டும் என்று இக்கூட்டத்தை ஒழுங்கு செய்தோர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, கோணேசர் மலையடியில், மீன்வள்ளங்களும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளுமே நாளாந்தம் கண்ணிற் படுகின்ற இந்தத் துறைமுகப் பட்டினத்தில், ஜாகுவாரையும் அஸ்ரன் மார்ட்டினையும் பற்றிப் பேசுவதால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவே இன்றைய பேச்சு முழுவதையும் அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். அந்தக் கார்களின் தோலாசனத்தையும் வாதுமை மரப் பலகையையும் கண்டு மயங்குவோர் பலர். ஆயினும் அவற்றின் ஓட்டத்துக்குக் காரணமான சூட்சுமங்களுள் ஒன்று, கடுகளவான ஒரு துவாரத்தில் அடங்கியிருந்தது என்பதையும், அதே துவாரம் நமது ஊரின் மொறிஸ் மைனரிலும் இருந்தது என்பதையும், அதைச் செம்மையாக வைத்திருக்கும் வித்தையை நம்மூர்க் கராஜ் பாஸ்மார் இங்கிலாந்தின் எந்த நிபுணருக்கும் குறையாமல் அறிந்திருந்தனர் என்பதையும் உங்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பெற்றோல் யந்திரம் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள நாம் பிறமொழி நூலைத் தேடிப் போகவேண்டியதில்லை. மூச்சை உள்வாங்குவது பூரகம், உள்ளே அடக்குவது கும்பகம், வெளிவிடுவது ரேசகம் என்று பிராணாயாமம் பயின்றவர் அறிவர். பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, ரேசகத்துக்கு 32 என்று அவற்றுக்கு மாத்திரைக் கணக்கும் வகுத்தார் திருமூலர். நான்கடிப்பு யந்திரமும் இவ்வாறே உயிர்க்கிறது. பிஸ்ரன் கீழிறங்கும்போது காற்றும் பெற்றோலும் கலந்த ஆவி உள்ளே இழுக்கப்படுவது பூரகம். பிஸ்ரன் மேலெழுந்து அதை நெருக்கிப் பிடிப்பது கும்பகம். பொறி பட்டு அது எரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுவதே நமக்குக் கிடைக்கும் வேலை. எரிந்த புகை வெளியே தள்ளப்படுவது ரேசகம். நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும் யந்திரத்தின் ஒவ்வோர் உருளையும் அந்த ஒரு நிமிடத்தில் 2,000 தடவை மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சுக்கும் மாத்திரை உண்டு. நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்பது அதன் கணக்கு. பெற்றோல் மிகுந்தால் கரும்புகை கக்கிப் பிளக்கில் கரி பிடிக்கும். குறைந்தால் யந்திரம் இருமும், கொதிக்கும், இழுவை கெடும்.

இந்த மாத்திரையை அளந்து கொடுக்கும் உறுப்பே காபரேற்றர். அதன் சங்கடம் யாதெனில், கார் சந்தியில் நின்று மெல்ல உறுமும்போது யந்திரத்துக்கு வேண்டிய காற்று சொற்பம். கண்டி வீதியில் மேடேறும்போது வேண்டியதோ பல மடங்கு. காற்று செல்வதற்கு மாறாத அளவுடைய ஒரு தொண்டை ஒரு வேகத்துக்குப் பொருந்தினால் மற்றொரு வேகத்துக்குப் பொருந்தாது. இந்தச் சிக்கலுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகிய பரிகாரம் கண்டவர்கள் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள். அவர்கள் சப்பாத்து வியாபாரத்தில் பெயர்பெற்ற குடும்பத்தினர். ஆகையால், காற்றின் தேவைக்கேற்பத் தானாக விரிந்து சுருங்கும் தொண்டை ஒன்றைச் செய்ய எண்ணியபோது, அவர்களது ஆதி உபகரணத்தில் மெல்லிய தோலினாலான துருத்தியே அமைந்தது. கொல்லன் பட்டறைத் துருத்தியைக் கண்ட நமக்கு அது அந்நியமானதன்று. பின்னர் தோலுக்குப் பதிலாக உலோகப் பிஸ்ரன் வந்தது; 1926இல் அவர்களது எஸ்.யூ. நிறுவனம் மொறிஸ் கார்களின் அதிபரான வில்லியம் மொறிஸின் கைக்கு மாறியது; எஸ்.யூ. என்ற இரண்டெழுத்து உலகெங்கும் பரவியது.

இப்பொழுது உங்கள் மனக்கண்ணில் ஓர் எஸ்.யூ. காபரேற்றரைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். மேலே கோயில் மணியைக் கவிழ்த்தது போன்ற பளபளப்பான ஈய நிற மூடி. அதனுள்ளே உரசாமலும் இடைவெளி தெரியாமலும் ஏறி இறங்கும் ஒரு பிஸ்ரன். அதன் அடியிலிருந்து தொங்குவது ஓர் ஊசி. பார்வைக்கு நேரான கம்பிபோலத் தோன்றினும், நுனியை நோக்கி நுணுக்கமாக மெலிந்து செல்வது. அங்குலத்தின் எட்டிலொரு பங்குக்கு ஒருமுறை அதன் பருமனை ஆயிரத்திலொரு அங்குலக் கணக்கில் அளந்து அட்டவணை போட்டார்கள். அந்த ஊசி இறங்கி நிற்பது ஜெற் என்னும் பித்தளைத் துவாரத்தில். மொறிஸ் மைனரில் அத்துவாரத்தின் விட்டம் 0.090 அங்குலம், அதாவது நான் முன்பு சொன்ன கடுகளவு. யந்திரம் வேகமாக மூச்சிழுத்தால் மணிக்குள் வெற்றிடம் மிகுந்து பிஸ்ரன் உயர்கிறது, தொண்டை விரிகிறது, கூடவே ஊசியும் உயர்ந்து, அதன் மெலிந்த பாகம் துவாரத்துக்கு வருவதால் பெற்றோலும் அதே விகிதத்தில் கூடுகிறது. மூச்சு அடங்கினால் எல்லாம் தாமாகவே இறங்கிவிடுகின்றன. பிஸ்ரன் திடீரெனத் துள்ளாதிருக்கும்பொருட்டு மணியின் உச்சியிலுள்ள சிறு மூடியைத் திருகி உள்ளே சிறிது மெல்லிய எண்ணெய் விடவேண்டும். விரலால் பிஸ்ரனை உயர்த்தி விட்டால் ‘டக்’ என்ற தெளிந்த ஓசையுடன் அது விழவேண்டும். ஓசை மழுங்கினால் ஊசி உரசுகிறது என்று பொருள். ஒரு மணி, ஒரு பிஸ்ரன், ஓர் ஊசி, ஒரு துவாரம், சூட்சுமம் அவ்வளவே.

இந்த எளிய உறுப்பைப் பூண்ட யந்திரங்களின் வரிசையை நோக்குங்கள். டொன்காஸ்ரர் நகரத்து ரயில் யந்திரத் தொழிற்சாலையிற் பயிலுநராகத் தொடங்கி, 1919இல் தம் பெயராலேயே கார் நிறுவனம் நிறுவிய டபிள்யூ. ஓ. பென்ட்லி, உருளைக்கு நான்கு வால்வும் இரண்டு பிளக்கும் கொண்ட மூன்று லீற்றர் யந்திரத்தைப் படைத்தார். அவருடைய கார்கள் பிரான்ஸ் தேசத்து லே மான் நகரின் 24 மணிநேரப் பந்தயத்தை 1924ஆம் ஆண்டிலும், 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும் வென்றன. அந்த மூன்று லீற்றர் காரின் ஸ்பீட் வகை சுவாசித்தது இரண்டு எஸ்.யூ. வழியாகவே. வெற்றி வந்தும் செல்வம் வரவில்லை. 1931இல் அந்நிறுவனத்தை றோல்ஸ் றோய்ஸ் விலைக்கு வாங்கிற்று. பென்ட்லி மனம் தளராது லகொண்டா நிறுவனத்துக்குச் சென்று தம் வித்தையைத் தொடர்ந்தார்; அங்கு அவருடைய மேற்பார்வையில் உருவான 2.6 லீற்றர் யந்திரத்துக்காகவே டேவிட் பிறவுண் என்ற கைத்தொழில் அதிபர் 1947இல் லகொண்டாவை வாங்கி, அதே ஆண்டில் தாம் வாங்கிய அஸ்ரன் மார்ட்டினில் அந்த யந்திரத்தைப் பொருத்தினார். இன்று இளைஞர் சினிமாவிற் கண்டு வியக்கும் அஸ்ரன் மார்ட்டின் டி.பி.5 என்ற 1963ஆம் ஆண்டுக் காரின் நான்கு லீற்றர் யந்திரத்துக்கு எஸ்.யூ. மூன்று.

ஜாகுவாரின் விருத்தாந்தம் இன்னும் உருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் கொவென்றி நகரத்தின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில், ஜாகுவாரின் அதிபரான வில்லியம் லையன்ஸின் தொழிற்சாலையிற் பணிபுரிந்த யந்திர நிபுணர்கள், தீ மூளுகிறதா என்று இரவிற் காவலிருக்கும் கடமை தங்கள் மேல் விழுந்தபோது, அந்த நெடிய இரவுகளை வீணாக்காது, போர் முடிந்தபின் தாங்கள் செய்யப்போகும் காரின் யந்திரத்தைப் பற்றி ஆலோசித்தனர். வில்லியம் ஹெயின்ஸ், வோல்ற்றர் ஹசன், குளோட் பெய்லி ஆகியோர் அக்குழுவினர். அவர்களுடைய சிந்தனையே எக்ஸ்.கே. என்ற யந்திரமாக 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் எக்ஸ்.கே.120 காருக்குள் வெளிப்பட்டது: ஆறு உருளை, 3.4 லீற்றர், 160 குதிரைவலு, தலைமேல் இரண்டு காம் தண்டுகள், இரண்டு எஸ்.யூ. காபரேற்றர்கள். மறு ஆண்டில் பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையில் அது மணிக்கு 132 மைல் ஓடிக் காட்டியது. 1951, 1953, 1955, 1956, 1957 என்று ஐந்து முறை லே மானை வென்றதும் அந்த யந்திர வமிசமே. குண்டுமழையின் கீழ் கருக்கொண்ட அந்த யந்திரம் 1992 வரை உற்பத்தியாகியது.

குண்டுமழை என்றதும், சபையிலுள்ள மூத்தோரின் நினைவு 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் திகதிக்குச் செல்லும் என்பதை அறிவேன். நான்கு நாட்களுக்கு முன் கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானந்தாங்கிகள் அன்று காலை நம் துறைமுகத்தின் மீது தம் விமானங்களை ஏவின. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி, முந்திய இரவே இத்துறைமுகத்தை விட்டு அகன்றிருந்தும் தப்பாது, மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று சீனன்குடாவிலிருந்து எழுந்து, இன்றும் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்களின் மேலும் கொட்டியாரக் குடாவின் மேலும் போரிட்ட ஹரிக்கேன் விமானங்களினுள் இருந்தது றோல்ஸ் றோய்ஸின் மேர்லின் யந்திரம்: 12 உருளைகள், 27 லீற்றர், ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைவலு. ஸ்போட்ஸ் கார்ப் பிரியர்கள் றோல்ஸ் றோய்ஸ் என்ற பெயரை மௌனமாக ஓடும் சீமான்களின் காரோடு சேர்த்து நினைப்பர். திருகோணமலை அந்தப் பெயரை ஆகாயத்தில் இரைச்சலாகக் கேட்டது.

அந்த மேர்லினுக்கும் காபரேற்றர் செய்து கொடுத்தது எஸ்.யூ. நிறுவனமே; அதன் அமைப்பு மட்டும் நான் வருணித்ததினின்றும் வேறானது. அதில் ஒரு குறை இருந்தது. விமானம் திடீரென மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும்போது பெற்றோல் தன் கலத்தின் மேற்பக்கத்துக்கு எறியப்பட்டு யந்திரம் ஒரு கணம் மூச்சடங்கும். உடனே அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் புகுந்து மறுபடியும் மூச்சுத் திணறும். எதிரியைத் துரத்தும் விமானிக்கு அந்தக் கணம் உயிர்க்கணம். பாண்போரோவில் அரச விமான ஆய்வு நிலையத்தில் கடமையாற்றிய பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர், யந்திரத்தின் உச்சத் தேவைக்கு மேல் ஒரு துளியும் புகாதபடி அளந்து துளையிட்ட ஒரு சிறு உலோக வில்லையைக் குழாயிற் பொருத்தி அந்தத் திணறலைத் தணித்தார். 1941இன் முற்பகுதியில் தாமே விமானத் தளங்கள்தோறும் சென்று அதைப் பொருத்துவித்தார். இவர் போருக்கு முன் புறூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நோர்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றவர். போருக்குப் பின் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் என்ற சிறிய ஸ்போட்ஸ் காரைப் பந்தயத்தில் ஓட்டியவர். யந்திரத்தின் மூச்சுக்குச் செவிகொடுத்துப் பழகியவரே அதன் மூச்சுத் திணறலுக்கும் மருந்து கண்டார் என்பதை இங்குள்ள மாணவிகள் மனத்திற் கொள்ளவேண்டும்.

அந்த ஸ்பிரைற்றின் பெயரை நான் காரணத்தோடுதான் எடுத்தேன். 1958இல் வெளிவந்த அக்காரின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது 948 சி.சி. யந்திரம். அதே காலத்து மொறிஸ் மைனரின் மூடியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அதே 948 சி.சி. யந்திரந்தான். ஸ்பிரைற்றுக்கு எஸ்.யூ. இரண்டு, 43 குதிரைவலு, மைனருக்கு எஸ்.யூ. ஒன்று, 37 குதிரைவலு. ஆறு குதிரைகளே வேற்றுமை! எம்.ஜி.ஏ. என்ற அழகிய ஸ்போட்ஸ் காரின் 1,489 சி.சி. யந்திரமோ, நம் வீதிகளில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கும் உடன்பிறப்பு. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் மந்திரிகளையும் மணப்பெண்களையும் சுமந்த அம்பாசிடருக்கும் அதுவே இதயமாயிற்று. சீமான் வீட்டுக் குதிரையும் நம் வண்டிற் குதிரையும் ஒரே தாய் வயிற்றிற் பிறந்தவை என்பதை இந்த ஊரில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

அறிந்திருந்தவர் ஒருவரை நான் கண்டிருக்கிறேன். 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுச் சென்ற பின், எவரோ ஓர் உத்தியோகத்தர் விற்றுப்போன பழைய எம்.ஜி. கார் ஒன்று, கைமாறிக் கைமாறி, டொக்யார்ட் வீதிப் பக்கத்துக் கராஜ் ஒன்றின் வேப்பமர நிழலில் வந்து நின்றது. அக்கராஜின் பெரியவர் டொக்யார்ட்டில் பிற்றராக வேலை பழகியவர். ஆங்கிலம் வாசிக்க அறியார். பாடசாலை விட்டு வரும் வழியில் நான் வேடிக்கை பார்த்து நிற்பேன். இரட்டைக் காபரேற்றர் பூட்டிய யந்திரத்தில் இரண்டும் ஒத்த அளவில் மூச்சிழுக்கவேண்டும். அதை அளப்பதற்கு அவரிடம் கருவி எதுவும் இல்லை. முழ நீளமான ஒரு றப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையை என் காதில் வைத்து, மறு முனையைக் காபரேற்றரின் வாயருகே பிடித்தார்.

“தம்பி, கண்ணை மூடு. இதின்ர சத்தத்தைக் கேட்டியா? இப்ப மற்றதைக் கேள். ரெண்டும் ஒண்டோ?”

“இல்லை ஐயா, இது கொஞ்சம் கீச்செண்டு இரையுது.”

“அப்ப அதுக்குத்தான் மூச்சுக் கூட. கொஞ்சம் குறைப்பம்.”

திருகாணியை ஒரு மயிரிழை திருப்பினார். மீண்டும் குழாயைக் காதில் வைத்தார். இரண்டு இரைச்சலும் சுருதி சேர்ந்த இரண்டு தந்திகள்போல ஒன்றாயின. அப்பொழுது யந்திரத்தின் நடுக்கம் நின்றது. அதன் மேல் நெளிந்துகொண்டிருந்த ஒரு வேப்பஞ்சருகு அசையாமற் கிடந்ததை இன்றும் காண்கிறேன். அன்று மாலையே அவர் அதே குழாயும் அதே செவியுமாக ஒரு வாடகை மொறிஸ் மைனரின் முன் குனிந்திருந்தார். எம்.ஜி.க்கு ஒரு மரியாதை, மைனருக்கு ஒரு மரியாதை என்ற பேதம் அவரிடத்தில் இருந்ததில்லை.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய காலத்தில், இங்கிலாந்தில் பத்தாண்டு ஓடிக் கழிக்கப்பட்டிருக்கக்கூடிய கார்கள் இலங்கையில் முப்பது, நாற்பது ஆண்டு ஓடியதற்கு இத்தகைய செவிகளும் கைகளுமே காரணம். 1990களில் பொருளாதாரத் தடை யாழ்ப்பாணக் குடாநாட்டை நெருக்கியபோது அந்த வித்தை அதன் உச்சத்தைத் தொட்டது. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயோ குளிர்ந்த யந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு யந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நெருக்க விகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் அதைத் தாங்கின, புதிய யந்திரங்கள் தாங்கவில்லை. நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் அக்கார்களிலேயே வைத்தியசாலைக்குச் சென்றனர். ஜபெக் நெடுஞ்சாலையில் 132 மைல் ஓடிய சாதனையை நான் மதிக்கிறேன். மண்ணெண்ணெய்ப் புகையோடு நள்ளிரவில் பிரசவ விடுதிக்கு ஓடிய அந்தப் பயணத்தை அதற்குக் குறைந்ததாக எண்ண என் மனம் ஒருப்படாது.

சபையோரே, எஸ்.யூ.வின் காலம் முடிந்துவிட்டது. 1990களோடு புதிய கார்களிலிருந்து காபரேற்றரே பெரும்பாலும் மறைந்தது. இன்று மூச்சின் மாத்திரையைக் கணினி அளக்கிறது, ஊசிக்குப் பதிலாக மின்சாரத்தால் திறந்து மூடும் ஊசிவாய் பெற்றோலைப் பீச்சுகிறது. அது முன்னேற்றமே, காற்றும் மாசு குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் கணினி அளப்பதும் அதே 15க்கு 1 என்ற கணக்கைத்தான். அந்தக் கணக்கின் பொருளைச் செவியாலும் விரலாலும் உணர்ந்தவன் கணினி காட்டும் எண்ணையும் விளங்கிக்கொள்வான். உணராதவன் எண் மாறும்போது உறுப்பை மாற்றுவதன்றி வேறொன்றும் அறியான்.

ஜாகுவாரைப் பற்றியும் பென்ட்லியைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்துள்ளன. அவற்றின் ஒவ்வோர் ஊசிக்கும் அட்டவணை உண்டு. அதே யந்திரங்களின் உடன்பிறப்புகளை அரை நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்த நம்மவரின் வித்தைக்குத் தமிழில் ஓர் ஏடும் நான் கண்டதில்லை. தேய்ந்த ஊசிக்குப் பதில் என்ன செய்தார்கள், மண்ணெண்ணெய்க்கு ஜெற்றை எவ்வளவு இறக்கினார்கள், எந்த ஓசைக்கு எந்த நோய் என்று அவர்கள் அறிந்தவை அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. டொக்யார்ட் வீதிப் பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் நான் கேட்டு எழுதி வைத்தது ஒரு வரியும் இல்லை. ஆகவே கராஜ் வேலையை முடித்துவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இதுவே: உங்கள் பகுதியில் மொறிஸ் மைனர் திருத்திய மூத்த பாஸ் ஒருவராவது இன்னும் இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியும் பேனையுமாக அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை நமது நூலகத்திற் சேர்த்துவிடுங்கள்.